கங்கைக் கரையில் ஒரு மகாளய அமாவாசை

மகாளய அமாவாசையன்று விடியற்காலை நாலு மணிக்குக் கல்கத்தாவில் எந்தத் தெருவில் நடந்தாலும் ரேடியோவில் வீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரல் கேட்கும். 1930-களில் தொடங்கிய 'மகிஷாசுரமர்த்தினி' நிகழ்ச்சி அது. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறோம். இந்த முறை அந்தக் குரலை நாங்கள் பானிஹாட்டியில், கையில் துடைப்பத்துடன் கேட்டோம்.

பானிஹாட்டி கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரை கொன்னகர். 1872-ல் கல்கத்தாவில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தாகூர் குடும்பம் இங்கே ஒரு தோட்ட வீட்டில் வந்து தங்கியது. பதினோரு வயது ரவீந்திரருக்கு அதுதான் முதல் வெளியூர் வாசம். வயதான பிறகும் மறக்காமல் 'ஜீவன் ஸ்மிருதி'யில் அதை எழுதியிருக்கிறார். என் மாமனார் ஓய்வு பெற்றதும் வாங்கியது அத்தனை பெரிய வீடல்ல. ஒரு பழைய தோட்ட வீட்டைத் துண்டு போட்டு விற்றபோது கிடைத்த ஆற்றோரத் துண்டு. அறை இரண்டு, படி பதினேழு. வீட்டைவிடப் படித்துறைதான் பெரிது என்று மாமியார் அலுத்துக்கொள்வார்.

விடுமுறை வீடு என்றால் ஓய்வு என்று நினைக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்து கதவைத் திறந்தால் மெத்தையில் பூஞ்சணம், கொசுவலையில் ஓட்டை, அடிபம்பில் தண்ணீர் ஏறாது. இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். படித்துறை அப்படியல்ல. இங்கே ஆறு நாளுக்கு இரு முறை ஏறி இறங்குகிறது. ஏற்றத்தை ஜோயார் என்றும் வற்றத்தைப் பாட்டா என்றும் வங்காளிகள் சொல்வார்கள். ஒவ்வொரு ஏற்றமும் படியில் விரல் கனத்துக்கு வண்டலைப் பூசிவிட்டுப் போகும். ஈரமாக இருக்கும்போதே கழுவ வேண்டும். காய்ந்தால் மண்வெட்டி தேவைப்படும். அதனால் தண்ணீர் இறங்க இறங்க நாமும் அதன் பின்னாலேயே ஒவ்வொரு படியாக வாளியோடு இறங்க வேண்டும். 1975-ல் ஃபராக்கா அணை செயல்படத் தொடங்கியதே இந்த வண்டலை அடித்துக்கொண்டு போகத்தான். விநாடிக்கு 40,000 கன அடி நீரைத் திருப்பிவிடுவது திட்டம். என் பதினேழு படிகளுக்கு அது போதவில்லை!

ஏழு மணிக்குள் பத்துப் படி வெளுத்தது. என் கணவரும் கொழுந்தனாரும் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். இரண்டு படி தள்ளி, பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவரும் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் அன்றுதான் தர்ப்பணம். இருவர் மந்திரமும் ஒன்றோடொன்று கலந்து கேட்டது.

கொழுந்தனாரின் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். நாங்கள் படியைத் தேய்க்க, அவன் அளவு டேப்பை வைத்துச் சுவரை அளந்தான். "விக்கறதுன்னா இப்பவே வித்துடணும் பெரியம்மா. கூரை இன்னும் ரெண்டு மழை தாங்காது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. கூரைச் செலவை யார் ஏற்பது என்று அண்ணனும் தம்பியும் மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்த கையோடு அந்தப் பேச்சை எடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. அவனைப் படகில் தேங்கிய தண்ணீரை இறைக்க அனுப்பினேன்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஹூக்ளியில் 'பான்' வரும். வெற்றிலைப் பான் அல்ல. கடலேற்றம் குறுகிய ஆற்றுக்குள் புகும்போது அதன் தலைப்பு சுவர்போல எழும்பி எதிர்நீரில் ஓடி வரும். ஏழு அடிக்கு மேலும் எழும்பும் என்று பழைய நூல்களில் இருக்கிறது. அன்று நண்பகலுக்குச் சற்று முன் தெற்கேயிருந்து 'ஹோ'வென்று ஓர் இரைச்சல் கேட்டது. படகுக்காரர் டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். பையனை இறக்கிவிடுவார் என்று பார்த்தால், கயிற்றை அவிழ்த்துப் படகை நடு ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போனார்! நான் தமிழிலேயே கத்தினேன், யாருக்குப் புரியும்? கொழுந்தனார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். பெரியவர் அவர் கையைப் பிடித்து மேலே இழுத்து, "கரையில்தான் ஆபத்து, நடுவில் இல்லை" என்றார்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. ஆழத்தில் அலை உடைவதில்லை. அலையை நேராகப் பார்த்து நின்ற படகு மூக்கைத் தூக்கியது, இறங்கியது, மறுபடி தூக்கியது. அவ்வளவுதான். கரையில் அலை அறைந்த வேகத்தில் படகு கட்டியிருந்த மூங்கில் முறிந்தது. என் வாளி, துடைப்பம், ஒற்றைச் செருப்பு எல்லாம் போயின.

திரும்பி வந்தபோது பையன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் முதலில் கேட்டது, "எல்லாரும் ஏறுங்கோ, இப்ப வடக்கே தானாப் போகுமாம்" என்று. ஏறினோம். கொழுந்தனார் மட்டும் மகனின் தோளைப் பிடித்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை. துடுப்பு போடாமலே ஏற்றத்தோடு கர்தஹா வரை போனோம். அங்கே கரையோரம் இருபத்தாறு சிவன் கோயில்கள். தண்ணீர் திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்து அவலும் தயிரும் சாப்பிட்டோம். பானிஹாட்டியில் ஆனி மாதத்தை ஒட்டி அவல்-தயிர்த் திருவிழாவே நடக்கிறது என்று படகுக்காரர் சொல்ல, நம் தயிர் அவலுக்குப் பங்காளி கிடைத்தது பற்றி மாமியாருக்கு ஒரே பெருமை.

வற்றத்தோடு வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. காலையில் தேய்த்த படியெல்லாம் மறுபடி சேறு. விற்பனைப் பேச்சைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். டேப் ஜன்னல் விளிம்பிலேயே இருக்கிறது. பையன் மறந்தானா, விட்டுவிட்டுப் போனானா, தெரியவில்லை.

அடுத்த அமாவாசைக்கும் போகிறோம். வர விரும்பும் சங்க அன்பர்கள் பழைய துணி இரண்டு செட்டும், வீட்டுக்கு ஒரு தென்னந்துடைப்பமும் கொண்டுவரவும்.