பறவையின் பறப்பும் கமராவின் கண்ணும்

பறக்கும் பறவையைப் படத்தில் அடக்குதல் இக்காலத்தில் எளிதென்று பலர் எண்ணுவர். கருவி எளிதாயிற்று, கலை எளிதாகவில்லை. 1882ஆம் ஆண்டிலே எத்தியேன்-சூல் மாரே என்னும் பிரான்சிய உடலியல் அறிஞர் துப்பாக்கி வடிவில் ஒரு படக்கருவி சமைத்து, செக்கனுக்கு 12 படமாகப் பறவையின் சிறகசைவைப் பதித்தார். வேட்டுவன்போலக் குறிபார்த்துப் பறவையைப் பின்தொடர்ந்தே அவர் விசையை இழுத்தார். இன்று கருவியின் வடிவு மாறினும் அம்முறை மாறிற்றில்லை. இப்படத்தை ‘நிழற்படம்’ என்பாரும் உளர். ஒளியே வரைவதாதலின் ‘ஒளிப்படம்’ என்பதே எமக்கு உவப்பு.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னாரையடுத்த வங்காலைக்குச் செல்வார் பூநாரைக் கூட்டங்களைக் காணலாம். 2008இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் றாம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சேர்க்கப்பட்ட ஈரநிலம் அது. பூநாரை நீரில் நிற்கும்போது வெளிறித் தோன்றும். சிறகை விரித்தவிடத்தே அதன் செம்மையும் ஓரத்துக் கருமையும் நன்கு புலப்படும். கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்க, இதுவோ கழுத்தையும் காலையும் ஒருங்கே நீட்டிப் பறக்கும். ஆதலின் நின்ற பூநாரையின் படம் பாதிப் பூநாரையின் படமேயாம்.

நிற்குமிடத்தைத் தெரிதலே முதல் வேலை. பறவை எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொள்ளும். அம்மாதங்களில் காலை ஞாயிறு கிழக்கே. காற்றோ வடகிழக்கிலிருந்து வருவது. இரண்டையும் முதுகுப்புறமாகக் கொண்டு நிற்பவனை நோக்கியே பறவை இறங்கிவரும். அதன் முகத்திலும் ஒளி விழும். நண்பகலில் எடுத்தாலோ சிறகின் கீழ்ப்புறம் இருண்டுவிடும்.

பூநாரைக்கு 1/1000 செக்கன் பெரும்பாலும் போதும். துள்ளித் திரும்பும் ஆலாவுக்கு 1/2000 ஆயினும் வேண்டும். சிறகு மேலெல்லையையோ கீழெல்லையையோ எய்தித் திரும்புங் கணத்தில் அதன் விரைவு குன்றுமாதலின், அக்கணத்துப் படம் தெளிவாயிருக்கும், தோற்றமும் அழகியதாகும். குவியத்தைத் தொடர்குவியமாக வைத்துக்கொள்க. பறவை தொலைவில் வரும்போதே கருவியை அதன்மேற் பொருத்தி, கால்களை ஊன்றி, இடையிலிருந்து உடலைத் திருப்பித் தொடர்க. விசையை அழுத்தியபின்னும் திருப்புதலை நிறுத்தலாகாது. பழகாதார் படங்கள் பெரும்பாலும் இவ்விடத்தேதான் கலங்கிப் போகின்றன. புதிய கருவிகள் சில பறவையின் கண்ணைத் தாமே கண்டுகொள்கின்றன. ஆயினும், கூட்டமாக வருமிடத்து எப்பறவையைக் கொள்வது என்பது எடுப்பவன் தீர்மானிக்க வேண்டியதே. ஒன்றன் சிறகு மற்றொன்றன் தலையை மறையாத வேளையைப் பார்த்தல் வேண்டும். பறவைக்கு முன்னே வெளி மிகுதியாகவும் பின்னே குறைவாகவும் விடுக. அது செல்வதற்கு வானம் வேண்டுமன்றோ?

படத்துக்காகக் கல்லெறிந்தும் கைதட்டியும் கூட்டத்தை எழுப்புவார் சிலர் உளர். இதனை யாம் கடிந்தே கூறுவோம். பூநாரை நின்றவாறே எழவல்லதன்று; நீரின்மேல் ஓடியோடியே எழும். நெடுநேரம் இரைதேடித் திரட்டிய வலு அவ்வோட்டத்தில் வீணாகின்றது. அன்றியும், அஞ்சியெழுந்த கூட்டம் அவனுக்கு முதுகுகாட்டியே செல்லுமாதலின், அவன் பெறுவது வால்களின் படமேயாம். தானாக இடம்பெயரக் கருதுங் கூட்டமோ முதலிற் கழுத்துக்களை உயர்த்தும். பின்னர் ஒரு திசைநோக்கி நடக்கத் தொடங்கும். அவ்வேளை விசையில் விரலை வைத்துக் காத்திருந்தாற் போதும்.