குழந்தையின் தொண்டையில் ஒரு திருப்பம்

மைசூரில் சத்திர சிகிச்சைக்குக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோர் கத்தி எங்கே படும், தையல் எத்தனை என்று விசாரிப்பதுண்டு. மயக்கத்தில் கிடக்கும்போது குழந்தை எவ்வாறு மூச்சுவிடும் என்று கேட்பவர் அபூர்வம். கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரியாயினும் சரி, வேறெந்த ஆஸ்பத்திரியாயினும் சரி, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு முதற் கவலை அதுவே. மயக்கத்தில் தசைகள் தளர்ந்ததும் நாக்கு பின்னே சரிந்து வழியை அடைக்கும். குழந்தையோ தன் எடைக்குப் பெரியவரைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு பிராணவாயுவைச் செலவிடுவதால், அடைப்பு சற்றே நீடித்தாலும் ரத்தத்தில் அதன் அளவு மளமளவென்று இறங்கிவிடும்.

குடலிறக்கத்துக்குச் செய்வது போன்ற சிறு சிகிச்சைகளில், மூச்சுக்குழலுக்குள்ளேயே குழாயைச் செலுத்தாமல் குரல்வளையின் வாயிலில் அமரும் 'லாரிஞ்சியல் மாஸ்க்' பெரிதும் பயன்படுகிறது. 1981-ல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் என்ற டாக்டர், பல் வைத்தியத்தில் மூக்கின்மேல் வைக்கும் ரப்பர் மூடியின் விளிம்பைக் குழாயோடு ஒட்டிப் பரீட்சித்ததில் பிறந்தது இது. 1983-ல் அவர் கட்டுரை வெளியாயிற்று. 1988-ல் கருவி விற்பனைக்கு வந்தது. நீள்வட்டமான அதன் விளிம்பு காற்றடைக்கும் பை. நடுவிலே மூச்சுக்கான துவாரம். பின்னே நீண்ட குழாய்.

பெரியவர் தொண்டையை அளந்து செய்த இவ்வுருவத்தையே படிப்படியாகச் சுருக்கி, 5 கிலோ வரை 1-ம் எண், 10 கிலோ வரை 1.5, 20 கிலோ வரை 2, 30 கிலோ வரை 2.5 என்று குழந்தைகளுக்கு வகுத்தார்கள். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம். குழந்தையின் தொண்டை பெரியவர் தொண்டையின் சிறு பிரதி அன்று: வாய்க்கு நாக்கு பெரிது, குரல்வளை கழுத்தில் மேலே நிற்கிறது, குரல்வளை மூடி நீண்டு தொளதொளவென்றிருக்கிறது, உள்நாக்கின் இருபுறமும் டான்சில் பருத்திருக்கிறது.

பிரெய்ன் வகுத்த முறையில், பையின் காற்றை முழுதும் வாங்கிவிட்டு, துவாரம் நாக்கை நோக்க, ஆள்காட்டி விரலால் மேலண்ணத்தோடு அழுத்தியவாறே உள்ளே தள்ளவேண்டும். குழந்தையிடம் அந்த நுனி நாக்கின் அடிப்பாகத்தில் முட்டி மடிவதுண்டு. சில சமயம் குரல்வளை மூடியையும் வளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே சிலர் பையில் சிறிது காற்றை விட்டுவைத்து, துவாரம் அண்ணத்தை நோக்கும்படி கருவியைத் தலைகீழாகப் பிடித்து, தொண்டையின் பின்சுவர் வரை கொண்டுபோய், அங்கே கதவுக் குமிழைத் திருகுவதுபோல் அரைவட்டம் திருப்பி அமர்த்துகிறார்கள். வளைந்த முதுகு நாக்கின்மேல் வழுக்கிச் செல்வதால் முட்டுவதற்கு நுனியே முன்னே வருவதில்லை. பக்கவாட்டில் சாய்த்து நுழைத்துப் பின் நேராக்குவது மற்றொரு வழி.

சண்டிகரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையத்தார் இம்மூன்றையும் குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் முயற்சியிலேயே அமைவதில் திருப்பும் முறையே முந்திநின்றது. முதல் முயற்சி என்பது வெறும் கைத்திறனுக்கான மார்க்கு அன்று. ஒவ்வொரு மறுமுயற்சியிலும் தொண்டை உராய்ந்து ரத்தம் கசியலாம், மயக்கம் ஆழ்ந்திராவிட்டால் குரல்நாண்கள் இறுகி மூடிக்கொள்ளவும் கூடும். முதன்முறையாகக் கற்கும் மாணவர்களுக்கு, பாடப்புத்தகம் முதலில் சொல்லும் முறையோடு நில்லாமல், திருப்பும் முறையையும் ஆரம்பத்திலேயே பழக்குவது நன்று என்றே தோன்றுகிறது.

எம்முறையில் நுழைத்தாலும் சோதனை ஒன்றே: குழந்தை வெளிவிடும் கரியமிலவாயுவைத் திரையில் காட்டும் அலை ஒழுங்காக ஏறியிறங்கவேண்டும், பையின் அழுத்தம் 60 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டக் கூடாது. காற்றுப் பையே இல்லாமல், ஜெல் போன்ற இளகிய பொருளால் ஆன ஐ-ஜெல் என்ற கருவி வந்தபின் இந்த அழுத்தக் கணக்கு அதற்கு வேண்டாததாயிற்று. அதையும் நேரே தள்ளுவதா, திருப்பி நுழைப்பதா என்ற கேள்வி மட்டும் டாக்டர்களிடையே தொடர்கிறது.