ஒரே மக்கள், இரு சபைகள்: 18ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் கத்தோலிக்க – லுத்தரன் பூசலின் காரணங்கள்

ஆய்வுச்சுருக்கம்

தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுக்கும் மதுரை மிஷனைச் சார்ந்த கத்தோலிக்கருக்கும் இடையே 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நிகழ்ந்த பூசல், ஐரோப்பிய இறையியல் பகையின் நீட்சியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. மக்கள், நூல், அரசியல் புகலிடம், சாதி ஆகிய உள்நாட்டுக் காரணங்களே அப்பூசலுக்கு வேகம் அளித்தன என்பதையும், அதன் தடம் தமிழ்ச் சொல்வழக்கில் நிலைத்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கண்டன நூல்கள், வீரமாமுனிவர், சீகன்பால்கு, உபதேசியார், கிறித்தவத் தமிழ்.

முன்னுரை

வீரமாமுனிவரின் வேதவிளக்கம் (1728), பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களைத் தமிழ் உரைநடை வரலாறு தவறாமல் குறிப்பிடுகிறது. அவற்றின் நடையழகு பாராட்டப்படுகிறது. அவை எழுந்த சூழல் ஓரிரு தொடர்களில் கடந்து செல்லப்படுகிறது. கண்டன நூலொன்றை அது எதிர்கொண்ட பகையிலிருந்து பிரித்து நடைச்சான்றாக மட்டும் பயில்வது முழுமையான வாசிப்பாகாது. எவர், எவர்பொருட்டு, எதற்காக மோதினர் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அந்நூல்களின் சொற்கள் தெளிவுறும்.

மக்களுக்கான போட்டி

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியபோது, தமிழ்க் கத்தோலிக்கம் ஏறத்தாழ இரு நூற்றாண்டு வரலாறு உடையதாக இருந்தது. தரங்கம்பாடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்ந்தன. லுத்தரன் போதனை அவர்களையும் நோக்கியே எழுந்தது. கத்தோலிக்கக் குருக்களின் பார்வையில் இது புறச்சமயத்தாரிடையே நிகழும் போதனையன்று; தம் மந்தையிலிருந்து ஆடுகளைப் பிரிக்கும் செயல்.

இராசநாயக்கன் என்பாரின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூலைத் தமிழில் படித்து, 1720களின் இறுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து, உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் உழைத்தார். அவரும் அவரைச் சார்ந்தோரும் கத்தோலிக்கரின் எதிர்ப்புக்கும் தாக்குதலுக்கும் உள்ளானதை மிஷன் அறிக்கைகள் கூறுகின்றன. அவ்வறிக்கைகள் ஒருதரப்பு ஆவணங்கள் என்பதை மறத்தலாகாது. எனினும் அவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. பூசலின் சுமையை நாள்தோறும் சுமந்தவர்கள் கோட்டைக்குள் இருந்த ஐரோப்பியர் அல்லர். உறவும் ஊரும் பகையாக நின்ற தமிழ் உபதேசியார்களே.

நூலும் மொழியும்

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714–1715இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவர் தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் மறைவுக்குப் பின் சூல்ட்சு நிறைவு செய்தார். 1728க்குள் அதுவும் அச்சாயிற்று. தமிழ் அச்சுக்கு வழிவகுத்தவர்கள் கத்தோலிக்கரே. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இலேயே கொல்லத்தில் அச்சிடப்பட்டது. ஆயினும் வீரமாமுனிவர் காலத்தில் மதுரை மிஷனிடம் அச்சுக்கூடம் இல்லை. அவர்தம் நூல்கள் ஏட்டுப்படிகளாகவே பரவின. ஒருபால் எண்ணிக்கையில் பெருகும் அச்சு நூல், மறுபால் படியெடுத்துக் காக்கப்படும் ஏடு என்னும் இந்த ஏற்றத்தாழ்வு கத்தோலிக்கத் தரப்பின் கவலையை மிகுவித்தது.

மொழித்தரமும் போர்க்களமாயிற்று. தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் இயற்றிய வீரமாமுனிவர், தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ் பிழையும் கொச்சையும் மலிந்தது எனச் சாடினார். இதனை வெறும் இலக்கணக் குறைகூறலாகக் கொள்ளலாகாது. திருமறையைத் தமிழில் வழங்கத் தகுதியுடையோர் யார் என்னும் உரிமைவழக்கு அதனுள் அடங்கியுள்ளது. மறைநூலை எவரும் படிக்கலாம் என்பது லுத்தரன் நிலைப்பாடு. திருச்சபை மரபின் விளக்கத்தோடு கூடியே மறைநூல் பொருள்படும் என்பது கத்தோலிக்க நிலைப்பாடு.

நூல்தலைப்புகளும் இவ்வழக்கை உணர்த்துகின்றன. லுத்தரன் தரப்பில் வெளிவந்த நூல் திருச்சபைப் பேதகம். அதற்கு மறுப்பு பேதகமறுத்தல். பிரிவினைக்குப் பொறுப்பானவர் யார் என்பதே இரு தலைப்புகளுக்கும் இடைப்பட்ட வினா. வேதம் என்னும் சொல்லும் அவ்வாறே. கத்தோலிக்க வழக்கில் அது பெரும்பாலும் சமயம் முழுமையையும் சுட்டியது; வேதவிளக்கம், வேதியரொழுக்கம் என்னும் தலைப்புகளை நோக்குக. லுத்தரன் போதனையில் நூலாகிய வேதமே மையம் பெற்றது. சொல் ஒன்றாக இருந்தமையால், அதன் பொருளுக்கு இரு சாராரும் உரிமை கோரினர்.

அரசியல் புகலிடம்

தரங்கம்பாடி, 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் பெற்ற உரிமையால் டேனியர் வசமான துறைமுகம். லுத்தரன் மிஷன் டென்மார்க் அரசரின் ஆதரவில் இயங்கியது. மதுரை மிஷனின் சேசு சபையார் போர்த்துகீசிய அரசின் சமயக் காப்புரிமைக்கு உட்பட்டவர்கள். எனினும் அவ்வரசின் படைவலிமை உள்நாட்டில் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 1693இல் ஓரியூரில் அருளானந்தர் கொலையுண்டது இதற்குச் சான்று. உள்நாட்டு மன்னர், பாளையக்காரர் ஆகியோரின் நல்லெண்ணமே அவர்களுக்குக் காப்பு. ஆதலின் ஐரோப்பியக் கோட்டையொன்றைச் சார்ந்த புதிய சபை உள்நாட்டில் பரவுவது, தாம் அரிதின் ஈட்டிய நன்மதிப்பைக் குலைக்கக்கூடும் என அவர்கள் அஞ்சியதற்கு இடமிருந்தது. லுத்தரன் குருக்களுக்கோ தஞ்சை நாட்டிற்குள் தடையின்றிச் செல்லும் வாய்ப்பு இல்லை. உபதேசியார்களை அனுப்புவதே வழியாயிற்று.

சாதியமைப்பு

பிளவுண்ட சமூகமொன்றில் நுழையும் சமயம் அப்பிளவுகளையும் தன்னுள் ஏற்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் உயர்சாதியினரின் நடையுடை மரபைத் தாமும் மேற்கொண்டார். பின்னர்ப் பிற சாதியினரிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்னும் தனிப்பிரிவினர் அமைந்தனர். இவ்விணக்கம் கத்தோலிக்கத்திற்குள்ளேயே பூசலை விளைத்தது. 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் பிறப்பித்த ஆணையும், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட மடலும் அவ்விவாதத்தின் விளைவுகள். கத்தோலிக்கர் புறச்சமய வழக்கங்களைக் களையவில்லை என்பது லுத்தரன் தரப்பின் முதன்மைக் குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

ஆனால் குற்றஞ்சாட்டியோரும் சாதியைக் கடந்தவர்களாக இல்லை. 1718இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் சாதி அடிப்படையில் இருக்கைகள் பிரிந்திருந்தன. 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ் லுத்தரன் ஆரோன் வேளாளர். நீண்ட காலம் உழைத்த இராசநாயக்கனுக்கு அப்பட்டம் வழங்கப்படவில்லை. அவர் பறையர் என்பதால் அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதி உறுப்பினர் இசையார் என்பதே அதற்குக் காரணம். 1741இல் தியோகு குருவானார். ஒரு சபையை விட்டு மறு சபைக்குச் சென்றதற்காகத் துன்புற்றவர், சென்ற சபையிலும் சாதியால் தடுக்கப்பட்டார். கண்டன நூல்கள் பேசும் கொள்கை வேறுபாட்டினும் ஆழமான ஒற்றுமையொன்று இரு சபைகளுக்கும் இருந்ததை இந்நிகழ்வு காட்டுகிறது.

சொல்வழக்கில் நிலைத்த பிரிவு

பூசல் தணிந்த பின்னும் சொற்கள் பிரிந்தே வாழ்ந்தன. கத்தோலிக்கர் சர்வேசுரன், இஸ்பிரீத்து சாந்து, அர்ச்சியசிஷ்ட முதலிய சொற்களையும், இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்னும் பெயர்களையும் வழங்கினர். சீர்திருத்த சபையார் பரிசுத்த ஆவி எனவும், பேதுரு, பவுல், யோவான் எனவும் வழங்கினர். இறைவனைக் குறிக்கப் பப்ரீசியசு பராபரன் என்னும் சொல்லைக் கொள்ள, 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு தேவன் என்பதை நிலைநாட்டியது. ஒரே ஊரில், ஒரே மொழியில் ஒருவர் வேண்டுதல் செய்ததைக் கேட்ட அளவிலேயே அவரது சபையை அறியும் நிலை உருவாயிற்று. இரு சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் (1995) கடவுள் என்னும் பொதுச்சொல்லைக் கொண்டது. பேதுரு, பவுல், யோவான் என்னும் வடிவங்களையும் ஏற்றது.

இங்கு ஆய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆசிரியர் பெயரற்ற சுவடியொன்றைச் சொல்வழக்கைக் கொண்டு சபைவழிப்படுத்தும் முறை வழக்கிலுள்ளது. சீகன்பால்கோ கத்தோலிக்கத் தமிழ் ஏடுகளைத் திரட்டிப் பயின்றவர். அவர்தம் புதிய ஏற்பாட்டில் இறைவனுக்குச் சருவேசுரன் என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. எனவே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கச் சுவடியொன்றில் அச்சொல் வருவது மட்டும் அது கத்தோலிக்கச் சுவடி என்பதற்குச் சான்றாகாது. பிற்காலத்தில் தெளிவான எல்லையை முற்காலத்தின்மேல் ஏற்றிக் கூறும் பிழைக்கு அது இடமளிக்கும்.

முடிவுரை

இறையியல் வேறுபாடு இப்பூசலுக்கு மொழியை வழங்கியது. அதனை ஊர்ப்பகையாக மாற்றியவை ஒரே மக்களை நாடிய போட்டி, மறைநூலை விளக்கும் உரிமை, நிலையற்ற அரசியல் காப்பு, சாதி மதிப்பு ஆகியன. சொற்பிரிவு பூசலின் விளைவாகத் தோன்றி, பின்னர்ப் பிரிவைக் காக்கும் வேலியாயிற்று. வேதவிளக்கத்தையும் திருச்சபைப் பேதகத்தையும் எதிரெதிரே வைத்துப் பயில்வதோடு, இரு தரப்பு மிஷன் ஆவணங்களிலும் இடையிடையே தென்படும் உபதேசியார்களின் வாழ்வையும் இணைத்து நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கும்போது இக்கண்டன நூல்கள் உரைநடை வளர்ச்சியின் படிநிலைகளாக மட்டுமன்றி, தமிழ்ச் சமூக வரலாற்றின் ஆவணங்களாகவும் பயன்படும்.