கட்டாயக் கேள்வியின் பயன்

சீட்டாட்டத்தை வீண் பொழுதுபோக்கென்று தள்ளுவார் பலர். ஆயினும், மிகச் சில சொற்களைக் கொண்டு இருவர் கருத்தொருமிப்பது எங்ஙனம் என்று ஆராய விரும்புவார்க்குப் பிரிட்ஜ் ஆட்டம் சிறந்ததொரு பொருளாகும்.

பன்வில மலைச்சாரலிலுள்ளாரும் யாழ்ப்பாணத்தாரும் 'முந்நூற்றுநாலு' ஆட்டத்தை அறிவர். 32 சீட்டுகளுடைய மதிப்பின் கூட்டுத்தொகையே அதன் பெயராயிற்று. அதிற் கேள்வி வெறும் எண், துரும்பு மறைந்திருக்கும். பிரிட்ஜிலோ 52 சீட்டுகள். கேள்வி பிடிகளின் தொகையையும் இனத்தையும் ஒருங்கே கூறும். 1925ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹரல்ட் வாண்டர்பில்ட் வகுத்த எண்முறையின்படி, கேட்டு வென்ற பிடிகளே 'கேம்' என்னும் 100 புள்ளி இலக்கிற்குக் கணக்காகும். துரும்பின்றி 9 பிடிகளும், இஸ்கோப்பன் அல்லது ஆடுத்தனில் 10 பிடிகளும், டயமன் அல்லது கிளாவரில் 11 பிடிகளும் அதற்கு வேண்டும். ஆகவே, வலிமையிருந்தும் கேளாதொழிந்தார் பெரும்பயன் இழப்பர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஒருவர் 1 டயமன் கேட்கிறார். துணைவர் 1 இஸ்கோப்பன் என்கிறார். முன்னவர் 2 கிளாவர் என்கிறார். துணைவரிடம் 15 புள்ளி வலிமையும் 5 இஸ்கோப்பனும் உள. ஆடுத்தனிலோ மூன்று சிறு சீட்டுகளே. கேம் உறுதி, எந்த இனத்தில் என்பதே ஐயம். உடனே துரும்பின்றி 9 பிடி கேட்பின், எதிரிகள் ஆடுத்தனிற் பல பிடிகளை வாரிச் செல்லலாம். 4 இஸ்கோப்பன் கேட்பின், எதிரே ஆதரவு இல்லாதிருக்கலாம்.

இந்நிலையில் அவர் எஞ்சிய நான்காம் இனத்தைக் கொண்டு 2 ஆடுத்தன் என்கிறார். இது செயற்கைக் கேள்வி. 'என்னிடம் ஆடுத்தன் உண்டு' என்பதன்று இதன் பொருள். 'கேம் எட்டும்வரை நிறுத்தற்க. உம் கையை மேலும் விளக்குக' என்பதேயாம். மூன்று இஸ்கோப்பன் உடையார் 2 இஸ்கோப்பன் என்பர். ஆடுத்தனைத் தடுக்க வல்லார் துரும்பின்றி 2 என்பர். இரண்டும் இல்லார் தம் முன்னை இனங்களுள் ஒன்றையே மீட்டுங் கூறுவர். யாரும் இடையில் நிறுத்தார் என்னும் உறுதியிருத்தலால், பாய்ந்து கேட்டு இடத்தைக் குறைக்க வேண்டுவதில்லை.

இக்கேள்வி ஒரு சுற்றுக்கோ, கேம் வரைக்கோ என்பதைத் துணைவர் இருவரும் முன்னரே துணிந்திருத்தல் வேண்டும். ஒருவர் ஒன்றும் மற்றவர் ஒன்றுமாகக் கொண்டால், கைவந்த கேம் நழுவிப்போம். அன்றியும், அவ்வுடன்பாட்டை எதிரிகளுக்கு ஒளித்தல் ஆட்டநெறிக்கு மாறாகும். குறிப்புமொழி கள்ளச் சைகையினின்று வேறுபடுவது இவ்வெளிப்படைத் தன்மையாலேயாம்.