நிர்ப்பந்தத்தில் போட்ட கையெழுத்து செல்லுமா?

சித்தூரிலோ திருப்பதியிலோ சிறு ஓட்டல் வைக்க முனையும் தமிழர் ஒருவரிடம் லைசென்ஸ் காகிதங்கள் நீட்டப்படுகின்றன. எழுத்து தெலுங்கு, அவருக்குப் படிக்கத் தெரியாது. "இன்றே கையெழுத்துப் போடு, இல்லையேல் கடை திறக்க முடியாது" என்கிறார்கள். போட்டுவிடுகிறார். பிறகு தகராறு வந்தால், "நிர்ப்பந்தத்தில் போட்டேன், அது என்னைக் கட்டுப்படுத்தாது" என்று அவர் வாதாட முடியுமா?

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இதற்கு வரம்பு வகுத்திருக்கிறது. சம்மதம் பெறும் நோக்கத்துடன் தண்டனைச் சட்டம் தடுத்த செயலைச் செய்வதும், செய்வதாக மிரட்டுவதும், பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பதும் பலவந்தமாகும். அடிப்பதாக மிரட்டி வாங்கிய கையெழுத்து இதில் சேரும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அத்தகைய ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம் என்கிறது 19ஆவது பிரிவு. ஆனால் அது தானாக ரத்தாகிவிடாது.

சித்தூர்ப் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1889இல், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சுவீகாரத்துக்குச் சம்மதிக்கும் வரை கணவனின் சடலத்தை எடுக்கவிடாமல் தடுத்து, இளம் விதவை ஒருத்தியை இணங்க வைத்திருந்தார்கள். அது சுதந்திரமான சம்மதம் அல்ல என்று நீதிமன்றம் அந்தச் சுவீகாரத்தை ஏற்க மறுத்தது.

சட்டமே விதிக்கும் கட்டாயம் வேறு. ஆந்திராவில் விவசாயி தர முன்வரும் கரும்பைச் சர்க்கரை ஆலைகள் வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் இருந்தது. அப்படிச் செய்த ஒப்பந்தம் பலவந்தத்தால் ஆனது அல்ல என்று 1967இல் ஆந்திர சுகர்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. 1975இல் ஹர் சங்கர் வழக்கில், ஏலம் எடுத்து மதுக்கடை லைசென்ஸ் பெற்றவர்கள், ஏற்ற நிபந்தனைகளிலிருந்து பிறகு நழுவ முடியாது என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே, "லைசென்ஸ் இல்லாமல் பிழைப்பு இல்லை" என்ற நெருக்கடி மட்டும் பலவந்தம் ஆகாது.

எனினும் எளியவருக்கு இன்னொரு வழி உண்டு. அதிகாரத்தைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் தேடுவதை 16ஆவது பிரிவு தகாத செல்வாக்கு என்கிறது. 1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில், பேரம் பேச வலுவில்லாத ஊழியர் மீது அரசு நிறுவனம் சுமத்திய அநியாய நிபந்தனையைச் சுப்ரீம் கோர்ட் செல்லாததாக்கியது.

வெற்றுத்தாள் விஷயம் மிகக் கடுமையானது. பலத்த காயம் விளைப்பதாக அச்சுறுத்தி, மோசடி எண்ணத்துடன் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது பணப் பறிப்புக் குற்றம். 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவு இதையே உதாரணமாகக் காட்டுகிறது.

நிர்ப்பந்தம் என்று சொல்பவரே பொதுவாக அதை நிரூபிக்க வேண்டும். ஆகையால் தெலுங்கு தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுவதும், நகல் வாங்கி வைப்பதும் நல்லது. மிரட்டல் நடந்திருந்தால் தாமதமின்றி எழுத்து மூலம் மேலதிகாரிக்கு ஸ்பீட் போஸ்ட் தபாலில் தெரிவித்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். மாதக்கணக்கில் லைசென்சை அனுபவித்துவிட்டுப் பிறகு எழுப்பும் ஆட்சேபம் கோர்ட்டில் எடுபடுவது கடினம்.