மல்டிமீட்டர் 12.5 காட்டியது, கார் கிளம்பவில்லை

கடந்த ஆண்டு பொதுத்தேர்வு நாள் ஒன்றில் அறைக் கண்காணிப்பாளர் பணிக்குக் கிளம்பினேன். என் மின்சாரக் காரின் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சாவியால் திறந்து உட்கார்ந்தால், திரை இருட்டாக இருந்தது. முந்தைய இரவு 70 விழுக்காடு சார்ஜ் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தியிருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் தேர்வு மையம் போய்ச் சேர்ந்தபோது, எனக்குப் பதிலாக வேறொருவர் அறைக்குள் சென்றிருந்தார். "இயற்பியல் ஆசிரியருக்கே பேட்டரி பிரச்சினையா?" என்றார் முதன்மைக் கண்காணிப்பாளர்.

அவர் கேட்டதைவிட உறுத்தியது வேறு. இரண்டு நாள் முன்பே திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்தது. மல்டிமீட்டரை வைத்தேன், 12.5 வோல்ட். "நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூடிவிட்டேன்.

மின்சாரக் காரில் பேட்டரி இரண்டு. சக்கரத்தைச் சுழற்றுவது சில நூறு வோல்ட் கொண்ட பெரிய பேட்டரி. கதவுப் பூட்டு, விளக்கு, கணினிகள் எல்லாம் சின்ன 12 வோல்ட் பேட்டரியில் இயங்குகின்றன. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலே சுவிட்சுகளை மூடுவதும் இந்தச் சின்னதுதான். ஆகவே சின்னது படுத்தால், பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. கார் இயக்கத்துக்கு வந்தபின் பெரிய பேட்டரியிலிருந்து ஒரு மாற்றி வழியே சின்னதற்கு மின்னேற்றம் நடக்கும்.

பெட்ரோல் காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி தளர்ந்தால் காலையில் அதன் முனகலே சொல்லிவிடும். மின்சாரக் காரில் அப்படி இழுக்க எதுவும் இல்லை. தளர்ச்சி வெளியே தெரியாமலே வளர்கிறது.

எப்படிச் சோதிப்பது? பல கார்களில் இருப்பது ஈய அமில பேட்டரி. நான் சொல்லும் எண்கள் அதற்கே பொருந்தும். காரை நிறுத்தி, முன்மூடியைத் திறந்துவைத்து, சாவியைத் தள்ளி வைத்துவிட்டுச் சில மணி நேரம் விடவேண்டும். உடனே அளந்தால் மின்னேற்றிய சூட்டில் கூடுதலாகக் காட்டும். மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட 20 வோல்ட் எல்லையில் வைக்கவும். சிவப்புக் கம்பி ஆம்பியர் துளையில் இருந்தால் குறுக்குச்சுற்று ஆகிவிடும். ஆய்வகத்தில் எத்தனை ஃபியூஸ் இப்படிப் போயிருக்கிறது! 12.6க்கு மேல் இருந்தால் நிறைந்தது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 13.5க்கு மேல் காட்டினால், அளப்பது பேட்டரியை அல்ல, மாற்றி தரும் மின்னழுத்தத்தை. ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தத்துக்கு உரியவை. அவற்றின் பக்கம் கை போகவே கூடாது.

நான் நிறுத்தியது இந்த இடத்தில்தான். மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காது. எனவே அது காட்டுவது மின்னியக்கு விசையை. பேட்டரி வேலை செய்யும்போது அகமின்தடை எவ்வளவு விழுங்குகிறது என்பதை அது சொல்லாது. பன்னிரண்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் நானே நடத்தும் பாடம்.

பேட்டரிக் கடையில் கழற்றி மின்னேற்றியபின், மீண்டும் 12.5 காட்டியது. கடைக்காரர் எதுவும் சொல்லாமல், ஒரு முகப்பு விளக்கு பல்பின் இரண்டு இழைகளையும் சேர்த்து முனைகளில் இணைத்தார். சுமார் 9 ஆம்பியர். ஒரு நிமிடத்தில் 10.3 ஆனது. வித்தியாசம் 2.2 வோல்ட், 9ஆல் வகுத்தால் அகமின்தடை சுமார் 0.24 ஓம். அதே பல்பைப் புதிய பேட்டரியில் இணைத்தபோது 12.7 என்பது 12.5க்குக் கீழே போகவில்லை. அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தடை.

வகுப்பில் இதற்குக் காரே தேவையில்லை. சுவர்க் கடிகாரத்திலிருந்து எடுத்த பழைய 1.5 வோல்ட் மின்கலம், புதியது ஒன்று, ஒரு டார்ச் பல்பு, மல்டிமீட்டர் போதும். பல்பு இல்லாமல் ஒரு முறை, எரியும்போது ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். பழையதில் எண் சரியும்.

பழைய பேட்டரியைக் கடையில் ஒப்படைக்கும் முன் ஒரு நாள் வாங்கிவந்து, சன்னல் திறந்த ஆய்வகத்தில் நானே பல்பை இணைத்துக் காட்டினேன். பல்பு மங்க மங்க எண் இறங்கியது. "சார், அப்ப அன்னிக்கு நீங்க பாதிதான் அளந்தீங்க, இல்ல?" என்றாள் முன்வரிசை மாணவி. ஆமாம் என்றேன்.