ஸ்ட்ராவும் பவுடர் கோட்டிங்கும்: நிலைமின்னியல் அறிமுகம்

புனேயின் பிம்ப்ரி, போசரி தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வாகன உதிரிபாகங்களுக்கு நிறம் பூச, ஈரப் பெயின்ட்டுக்குப் பதிலாக உலர்ந்த பொடியைத் தூவும் ‘பவுடர் கோட்டிங்’ முறை வழக்கத்தில் உள்ளது. பசையோ நீரோ இல்லாத அந்தப் பொடி, தொங்கும் இரும்புத் தகட்டிலிருந்து உதிராமல் இருப்பதற்குக் காரணம் இந்தக் காணொளியின் பொருளான நிலைமின்னியலே.

அணுவின் கருவில் நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும், அதைச் சூழ்ந்து எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களும் உள்ளன. இவை சம எண்ணிக்கையில் இருக்கும்வரை பொருள் மின்நடுநிலையில் இருக்கிறது. திரையில் காணும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் தாளால் அழுத்தித் தேய்க்கும்போது, தாளின் எலக்ட்ரான்கள் சில ஸ்ட்ராவுக்குப் போய்விடுவதால் ஸ்ட்ரா எதிர் மின்னூட்டமும் தாள் அதே அளவு நேர் மின்னூட்டமும் பெறுகின்றன. தேய்த்தால் மின்னூட்டம் பிறக்கிறது என்று சொல்வது பிழை. இருந்தது கைமாறுகிறது, அவ்வளவே. பிளாஸ்டிக், மின்னூட்டத்தை எளிதில் நகரவிடாத காப்பான் ஆகையால், வந்த எலக்ட்ரான்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. ‘நிலை’ என்னும் அடைமொழி இதைத்தான் குறிக்கிறது.

ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும், மாறுபட்டவை ஈர்க்கும். ஆயினும் மின்நடுநிலையிலுள்ள சுவரிலும் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்கிறது. ஏனெனில் ஸ்ட்ரா சுவரின் எலக்ட்ரான்களைச் சற்றே அப்பால் தள்ள, அருகில் எஞ்சும் நேர் மின்னூட்டத்தின் ஈர்ப்பு, தொலைவிலுள்ள எலக்ட்ரான்களின் விலக்கலை வென்றுவிடுகிறது. மழைக்காலத்தில் இந்தச் சோதனை பெரும்பாலும் தோற்கும், பரப்பில் படியும் ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிடும் என்பதால்.

பவுடர் கோட்டிங் பட்டறையில் நடப்பதும் ஏறத்தாழ ஸ்ட்ராவில் நடந்ததே. பொடியைத் தூவும் ஒருவகைத் துப்பாக்கியில், பொடி டெஃப்லான் குழாயில் உராய்ந்தபடி பாய்ந்து, எலக்ட்ரான்களை இழந்து நேர் மின்னூட்டம் பெறுகிறது. மற்றொரு வகையில் 1,00,000 வோல்ட் வரையிலான மின்னழுத்தம் கொண்ட ஊசிமுனை பொடிக்கு எதிர் மின்னூட்டம் தருகிறது. எவ்வகையாயினும், எர்த் செய்யப்பட்ட, அதாவது நிலத்துடன் மின்னிணைப்பு தரப்பட்ட, தகட்டை நோக்கிப் பொடி இழுக்கப்பட்டு, முதுகுப்புறத்தில்கூடப் படிந்து, பின்னர் சூளையில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகி இறுகுகிறது. தகட்டைத் தாங்கும் கொக்கியில் பழைய பூச்சு தடித்திருந்தால் எர்த் தொடர்பு அறுந்து புதிய பொடி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் கொக்கிகளை அவ்வப்போது சுரண்டிச் சுத்தம் செய்கிறார்கள்.